சிக்கிமுக்கி ரைஃபிளுக்கு மழைதான் எதிரியா?

மழை வந்தால் சிக்கிமுக்கித் துப்பாக்கி வெறும் தடிதான் என்ற தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. மேல்முறையீடு செய்யத்தான் ஆளில்லை. 1757 ஜூன் 23 அன்று பிளாசியில் கொட்டிய மழையில் சிராஜ்-உத்-தௌலாவின் வெடிமருந்து நனைந்தது, கம்பெனியார் தங்கள் மருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுவருகிறோம். நெப்போலியன் காலத்துப் போர்களைப் படித்தவர்கள் காட்ஸ்பாக்கைச் சொல்வார்கள். 1813 ஆகஸ்ட் 26 அன்று அங்கே பெய்த அடைமழையில் காலாட்படைத் துப்பாக்கிகள் ஓய்ந்துபோக, சிப்பாய்கள் பயனெட்டாலும் துப்பாக்கிக் கட்டையாலும் மோதிக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் போர்க்களத்துத் தீர்ப்பைத் தூக்கிவந்து இலக்குச் சுடுதலின் மேல் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் சிக்கிமுக்கி ரைஃபிளுக்கென்று போட்டிகள் நடக்கின்றன. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்காக 1933இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசியச் சங்கம், இண்டியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் உள்ள தன் சுடுதளத்தில் ஜூன் மாதப் புழுக்கத்திலும் செப்டம்பர் மாதக் குளிர்காற்றிலும் ஆட்களைக் கூட்டுகிறது. பன்னாட்டுப் போட்டிகளில் ‘பென்சில்வேனியா’ என்ற பெயரிலேயே ஒரு பிரிவு உண்டு. சிக்கிமுக்கி ரைஃபிளை நின்றபடி பிடித்து 50 மீட்டரில் இருக்கும் இலக்கைச் சுட வேண்டும். முப்பது நிமிடத்தில் 13 குண்டு, அவற்றில் சிறந்த பத்து மட்டும் கணக்கில் சேரும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, துப்பாக்கி வெடிக்குமா என்பதோடு நிற்பதில்லை. முதல் குண்டு போன இடத்துக்குப் பத்தாவது குண்டும் போகுமா என்பதும் அதில் சேர்கிறது. வானிலை ஒரே மாதிரி இருந்தாலே கடினம். அரை மணி நேரத்துக்குள் வெயிலும் தூறலும் காற்றும் மாறி மாறி வந்தால்?

சாட்சிகளை விசாரிக்குமுன் கருவியைப் பார்த்துவிடுவோம். குதிரை எனப்படும் சுத்தியலின் தாடையில் தோல்துண்டு சுற்றி இறுக்கிய ஒரு கல். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டின் முகத்தைச் சீவும். பொறியாகப் பறப்பது கல்லின் துகளன்று, சீவப்பட்ட எஃகு. அந்தச் சீவல் எரிந்தபடி கிண்ணியில் விழும். கிண்ணியில் ஒரு சிட்டிகை ரஞ்சகம், அதாவது பற்றவைக்கும் மருந்து, இருக்கும். அது பற்றி எரிய, குழலின் பக்கவாட்டில் உள்ள பற்றுவாய் வழியாக வெப்பம் உள்ளே புகுந்து பெருமருந்தைக் கொளுத்தும். நல்ல பொறியமைப்பில் இத்தனையும் பத்தில் ஒரு வினாடியை ஒட்டி முடிந்துவிடும். உள்ளே, எண்ணெயோ கொழுப்போ தோய்த்த துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டு வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியேறும். ஆக, வானிலை கைவைக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று கிண்ணி, இன்னொன்று குழலின் உட்புறம். இவ்விரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதுதான் பழைய தீர்ப்பின் முதல் கோளாறு.

இனி சாட்சிகள். அமெரிக்கப் புரட்சிப் போரில் ‘மேகங்களின் போர்’ என்று ஒன்று நடந்தது. உண்மையில் நடக்காமல் போனது என்று சொல்ல வேண்டும். 1777 செப்டம்பர் 16 அன்று பென்சில்வேனியாவில் வாஷிங்டனின் படையும் பிரிட்டிஷ் படையும் நேருக்கு நேர் வந்த வேளையில் வானம் பிளந்துகொண்டது. வாஷிங்டன் பின்வாங்கினார். பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்த ஹென்றி நாக்ஸ், ஏறக்குறைய நான்கு லட்சம் தோட்டாக்கள் பாழாகிவிட்டதாகக் கடிதத்தில் கணக்குச் சொன்னார். சிக்கிமுக்கிக்கு எதிரான சாட்சிகளில் இதை முதலில் நிறுத்துவது வழக்கம். ஆனால் நனைந்தது என்ன? காகிதத் தோட்டாக்கள். ஏன் நனைந்தன? அவற்றை வைத்திருந்த பெட்டிகள் மட்டமானவை, மூடி சரியில்லை, தண்ணீர் உள்ளே போனது. இதில் கல்லுக்கும் எஃகுக்கும் என்ன பங்கு? அந்த நான்கு லட்சம் காகிதத் தோட்டாக்களை எந்தத் துப்பாக்கியில் போட்டிருந்தாலும் கதை இதுதான். பெட்டி செய்தவனின் குற்றத்துக்குக் குதிரையைத் தண்டிக்கக் கூடாது.

எதிர்த்தரப்புச் சாட்சி இதைவிடச் சுவையானவர். பேட்ரிக் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி 1776இல், லண்டனை ஒட்டிய வுல்விச்சில், பெரிய பிரபுக்களும் தளபதிகளும் பார்த்திருக்கத் தன் ரைஃபிளைச் சுட்டுக் காட்டினார். அன்று மழை, பலத்த காற்று. 200 கஜத்தில் உள்ள இலக்கை நிமிடத்துக்கு நான்கு குண்டு வீதம் சில நிமிடங்கள் விடாமல் சுட்டார். ஒரு நிமிடத்தில் ஆறு குண்டும் சுட்டார். நடந்துகொண்டே சுட்டார், மல்லாந்து படுத்து 100 கஜத்தில் நடுப்புள்ளியை அடித்தார். ஒரு புட்டித் தண்ணீரைக் கிண்ணியிலும் குழலிலும் ஊற்றி மருந்தைக் குழைத்துவிட்டு, அரை நிமிடத்துக்குள் மறுபடி சுட்டார். மொத்தத்தில் மூன்று குண்டுதான் இலக்கைத் தவறவிட்டன என்று அந்தக் காலத்துப் பதிவு சொல்கிறது.

சிக்கிமுக்கியின் ரசிகர்கள் இதைப் படித்ததும் வழக்கு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் உட்காரட்டும். ஃபெர்குசனின் ரைஃபிளில் மருந்து வாய்வழியாகப் போகவில்லை. விசைக் காப்பு வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்பக்கத் திருகு இறங்கி, குழலின் பின்வாய் திறந்துகொள்ளும். குண்டையும் மருந்தையும் அங்கேயே போடலாம். குழைந்த மருந்தையும் அந்த வழியாகவே வெளியே எடுத்துவிட முடியும். தண்ணீர்ப் புட்டி வித்தை நிரூபித்தது அந்தத் திருகின் பெருமையை. கிண்ணியும் கல்லும் எல்லாச் சிக்கிமுக்கியிலும் இருப்பவைதான். தவிர, தான் காப்புரிமை வாங்கப்போகும் கருவியைக் கண்டுபிடித்தவரே, தன் கையால், புரவலர்களுக்கு முன் சுட்டுக் காட்டிய சோதனை அது. அந்தக் கையின் திறமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும் என்று சொல்ல நம்மிடம் வழியில்லை. ஒன்றை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: மழையும் காற்றும் சேர்ந்த நாளில், கவனமுள்ள ஒருவர் கையில், சிக்கிமுக்கிப் பொறி தொடர்ந்து பற்றியிருக்கிறது. இதுவே சிறிய விஷயமில்லை.

அதே ஃபெர்குசன் நான்காண்டு கழித்து, அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்று செத்த விதம் இன்னும் நல்ல சாட்சியம். 1780 அக்டோபர் 6ஆம் தேதி இரவு, அப்பலாச்சிய மலைக்கு அப்பாலிருந்து வந்த குடியேறிகள் அவரைத் தேடி மழையில் குதிரை ஓட்டினார்கள். உடம்பு நனைந்தால் நனையட்டும் என்று போர்வையையும் மேல்சட்டையையும் கழற்றி ரைஃபிளின் பொறிப்பகுதியில் சுற்றிக்கொண்டார்கள். மறுநாள் நண்பகலை ஒட்டி மழை விட்டது. பிற்பகலில் கிங்ஸ் மவுண்டன் குன்றைச் சுற்றி வளைத்து, மரத்துக்கு மரம் மறைந்து சுட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஃபெர்குசன் குதிரையிலிருந்து விழுந்தார். இவர்களிடம் இருந்தவை சாதாரண வாய்வழி ரைஃபிள்கள்தான், திருகும் இல்லை தந்திரமும் இல்லை. ராத்திரி முழுக்க மழையில் வந்த சிக்கிமுக்கி, பொறியை மூடிவைத்தால் மறுநாள் குறி தவறாமல் சுடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சுட்டபோது மழை விட்டிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மூடிவைத்திருக்கும் துப்பாக்கி நனையாது, சரி. திறந்து, சுட்டு, மறுபடி கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி?

அதற்கு விடை சீனாவில் இருக்கிறது, சென்னைப் படையோடு. முதல் அபினிப் போரில், 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், சென்னை மாகாணப் படையின் 37ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த அறுபது பேர் கொண்ட ஒரு கம்பெனி இடிமழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனது. ஈட்டியும் வாளும் ஏந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களின் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் பற்றவே இல்லை. சதுர வியூகம் கட்டி, பயனெட்டை மட்டும் நம்பி நின்றார்கள். அவர்களைத் தேடி, கல்லுக்குப் பதிலாகத் தட்டினால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியால் பற்றவைக்கும் தட்டுத்தொப்பித் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்களின் இரண்டு கம்பெனிகளை அனுப்பினார்கள். அதே மழையில், அதே இருட்டில் அந்தத் துப்பாக்கிகள் வெடித்தன. கூட்டம் கலைந்தது.

ஒரே மழையில் இரண்டு வகைப் பொறியும் நின்று, ஒன்று ஊமையாகி மற்றது பேசிய இந்த நிகழ்ச்சியைச் சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாக அமைக்க முடியாது. பெட்டியைக் குறை சொல்ல இங்கே இடமில்லை, திருகும் கிடையாது. கொட்டும் மழையில் திறந்த வெளியில் நின்று கெட்டிக்க வேண்டுமென்றால் சிக்கிமுக்கி தோற்கும். இந்தப் பகுதியில் பழைய தீர்ப்பு சரிதான், அதை நான் அசைக்கப்போவதில்லை.

எண்ணிக்கையும் இருக்கிறது. ஃபெர்குசன் வித்தை காட்டிய அதே வுல்விச்சில் 1834இல் அரசு ஒரு நீண்ட சோதனை நடத்தியது. எல்லா வானிலையிலும், சிக்கிமுக்கியில் 6000 முறையும் தட்டுத்தொப்பியில் 6000 முறையும் சுட்டுப் பார்த்தார்கள். சிக்கிமுக்கி 922 முறை நமுத்துப்போனது, தட்டுத்தொப்பி 36 முறை. அதாவது ஆறரைக்கு ஒன்று, 166க்கு ஒன்று. படைகள் கல்லைக் கைவிட இந்த எண்கள் போதுமானவை. ஆனால் இலக்குச் சுடுபவருக்கு இவை என்ன சொல்கின்றன? சோதித்தவை வரிப்பள்ளமில்லாத படைத் துப்பாக்கிகள். 922இல் மழையின் பங்கு எவ்வளவு, தேய்ந்த கல்லின் பங்கு எவ்வளவு, அடைபட்ட பற்றுவாயின் பங்கு எவ்வளவு என்று அந்த மொத்தத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. மேலும், போர்க்களத்தில் ஒருமுறை நமுத்துப்போனால் உயிர் போகலாம். சுடுதளத்தில் ஒரு நிமிடம் போகும். பற்றுவாயை ஊசியால் குத்தி, கிண்ணியைத் துடைத்து, புதிய ரஞ்சகம் இட்டு மறுபடி விசையை அழுத்தலாம். குண்டு உள்ளேயேதான் இருக்கிறது.

நமுத்துப்போவதைவிடக் கொடியது ஒன்று உண்டு, அதை இந்த எண்கள் காட்டுவதில்லை. தாமதம். ஈரம் ஏறிய ரஞ்சகம் அணைந்துவிட வேண்டும் என்பதில்லை. ‘புஸ்’ஸென்று ஒரு கணம் சீறிவிட்டுப் பிறகு பற்றலாம். கண்ணெதிரே கிண்ணி பளிச்சிட்டுவிட்டது, குண்டு இன்னும் கிளம்பவில்லை. அந்த இடைவெளியில் நின்றபடி சுடுபவரின் கை இறங்கும், கண் இமைக்கும். துப்பாக்கி வெடிக்கும், ஆனால் பத்தில் விழ வேண்டியது ஆறில் விழும். வுல்விச் கணக்கில் இது வெற்றிகரமான வெடி. போட்டி அட்டையில் இது தோல்வி. வெடித்ததா, வெடிக்கவில்லையா என்று இரண்டே பத்தி போட்ட பேரேட்டை வைத்துக்கொண்டு இலக்குச் சுடுதலைத் தீர்மானிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது வேதியியலுக்கு வருவோம். வழக்கு உண்மையில் திரும்புவது இங்கேதான். கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட் பலரும் நினைப்பதுபோல் ஈரத்தை உறிஞ்சும் பொருளன்று. சாதாரண வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது கசியத் தொடங்கும். அதன் உறவுக்காரரான சோடியம் நைட்ரேட் 75 சதவீதத்தை நெருங்கும்போதே கசிந்துவிடும், அதனால்தான் துப்பாக்கி மருந்துக்கு அது ஆகாது. சுத்தமான கருமருந்து, நேரடியாகத் தண்ணீர் படாதவரை, புழுக்கமான நாளையும் சமாளித்துவிடும்.

சமாளிக்காதது எரிந்தபின் மிஞ்சும் கசடு. கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே தங்கிவிடுகிறது. அதில் பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட். இது 45 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மழையே வேண்டாம், மேகம் போட்டிருந்தால் போதும். முதல் குண்டைச் சுட்டுவிட்டுக் கிண்ணியைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் உலர்ந்த பொடி. புழுக்கமான நாளில் இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள்: கறுத்து, பளபளத்து, விரல் வைத்தால் மைபோல் ஒட்டும். அழுகிய முட்டை வாடை அடிக்கும், அது கந்தகச் சேர்மத்தின் வாடை. அதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதிய ரஞ்சகத்தைக் கொட்டினால், அடியிலிருந்து ஈரம் ஏறி, மருந்து ஐப்பசி மாதத்து உப்பு ஜாடியாகிவிடும். வெளியே ஒரு துளிகூடப் பெய்திருக்காது. “மழையில் நமுத்துப்போனது” என்று சொல்லப்படும் பல வெடிகளில் மழைக்குச் சம்பந்தமே இல்லை, சுட்டவர் கிண்ணியைத் துடைக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

குழலுக்குள் கதை தலைகீழ். அங்கே ஈரக்காற்று நண்பன். கசடு இளகிக் கிடக்கும், அடுத்த குண்டைக் கெஜக்கோலால் தள்ளும்போது துணித்துண்டு அதை வழித்துக்கொண்டு இறங்கும், கை உறுத்தாது. வறண்ட காற்றும் வெயிலும் அடிக்கும் நாளில் அதே கசடு ஓடுபோல் இறுகிக்கொள்ளும். குறிப்பாகக் குண்டு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு வளையமாகப் படியும். நான்காவது ஐந்தாவது குண்டிலேயே கெஜக்கோல் முனகும். வளையத்துக்கு மேல் குண்டு நின்றுவிட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அது குழலுக்கே ஆபத்து. நிற்காமல் அழுந்தி இறங்கினாலும் ஒவ்வொரு முறையும் உராய்வு வேறு, அழுத்தம் வேறு, வேகம் வேறு. குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும்.

ஆக, கிண்ணிக்கு வேண்டியது வறட்சி, குழலுக்கு வேண்டியது ஈரம். ஒரே துப்பாக்கியின் இரண்டு முனைகள் இரண்டு வானிலையைக் கேட்கின்றன. இந்த முரணை நடுவில் வைத்துக்கொண்டால் பழைய வாதங்கள் பலவும் தாமாக இடம் மாறி உட்காருகின்றன. தொடர்ந்து தூறும் நாள் மோசமான நாளாக இருக்க வேண்டியதில்லை. குழல் தன்பாட்டில் ஒழுங்காக இருக்கும், கிண்ணியை மட்டும் கண்காணித்தால் போதும். தொடர்ந்து வெயிலடிக்கும் நாளில் கிண்ணியைப் பற்றிக் கவலையில்லை, குண்டுக்குக் குண்டு குழலை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு, இரண்டையும் பழகிக்கொள்ளலாம். ஆளைக் கவிழ்ப்பது மாற்றம். வெயிலில் தொடங்கி, ஆறாவது குண்டில் மேகம் மூடி, எட்டாவதில் தூறிவிட்டுப் பத்தாவதில் மறுபடி வெளுக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதில் எந்த ஒழுங்கும் முழுதாகப் பொருந்தாது. வெயிலுக்கென்று துணித்துண்டை நன்றாக நனைத்துக்கொண்டு சுட்டவர், ஈரக்காற்று வந்தபின்னும் அதையே செய்தால் குழலுக்குள் நீர் மிகும். கோலால் தள்ளும்போது அது அடியில் இறங்கிப் பற்றுவாயை அடைக்கும். அவர் மழையைத் திட்டுவார். தண்ணீர் ஊற்றியவர் அவர்தான்.

பரம்பரையாக வரும் அறிவுரைகளையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். பொறியின் மேல் கொழுப்பு தேய்த்த தோல் உறை போடு, கிண்ணி விளிம்பில் தேன்மெழுகு பூசு என்பவை வேட்டைக்காரனின் அறிவுரைகள். பென்சில்வேனியாவில் 1974 முதல் கிறிஸ்துமசுக்குப் பிந்தைய மான் வேட்டைப் பருவத்தைச் சிக்கிமுக்கிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பனியிலும் ஈரத்திலும் நாள் முழுக்க அலைந்து, கடைசியில் ஒரு குண்டு. அவர்களுக்கு மெழுகு பலன் தரும். ஆனால் அவர்கள் அனுபவத்தை இலக்குச் சுடுபவர் கடன் வாங்குவதில் பெரிய பயனில்லை. வேட்டைக்காரனின் சிக்கல் பல மணி நேரம் காத்திருந்த முதல் குண்டு. இவருடையதோ இரண்டு நிமிட இடைவெளியில் வரும் பத்தாவது குண்டு. முதல் குண்டுக்குக் கசடு கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் மெழுகு பூசிக்கொண்டிருந்தால் முப்பது நிமிடமும் மெழுகிலேயே கரையும்.

ஈரநாளில் நைஸான ரஞ்சகத்தை விட்டுவிட்டுப் பருமனான மணிக்கு மாறு என்பது இன்னொன்று. மணி பருத்தால் ஈரம் மெதுவாக ஏறும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பருத்த மணி பற்றுவதும் மெதுவாகத்தான். தாமதத்தைத் தவிர்க்கத் தாமதத்தை விலைக்கு வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மருந்து கிண்ணியில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நேர்வழி. தோளில் ஏற்றுவதற்கு முந்தைய கணத்தில் ரஞ்சகம் இட்டு, காற்று நிற்கக் காத்திருந்து ஒரு நிமிடம் ஓடிவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இடுவது. கிண்ணியில் ரஞ்சகத்தைப் பற்றுவாயிலிருந்து தள்ளி வை என்ற பழைய மந்திரம் ஒன்றும் உண்டு. அண்மைக்காலத்தில் மின்னணுக் கடிகாரம் வைத்து அளந்து பார்த்தவர்கள், பற்றுவாயை ஒட்டி இருக்கும் மருந்துதான் விரைவாகப் பற்றவைக்கிறது என்று கண்டார்கள். அந்த மந்திரத்தை விட்டுவிடலாம். எல்லா அறிவுரையிலும் மிகச் சாதாரணமானது எதுவோ அதற்கே என் முதல் ஓட்டு: ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு கிண்ணி, கல்லின் விளிம்பு, எஃகின் முகம் ஆகிய மூன்றையும் உலர்ந்த துணியால் துடை. பார்க்க அழகில்லாத வேலை, கதையாகச் சொல்லவும் ஆகாது. அதனால்தானோ என்னவோ புத்தகங்களில் அரைவரியோடு நின்றுவிடுகிறது.

காற்றைப் பற்றி இதுவரை பேசவில்லை. பேசாமல் விட்டது போல்தான் பெரும்பாலான விவாதங்களிலும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்துக்குக் கிடைத்த புகழ் காற்றுக்குக் கிடைக்கவில்லை. உருண்டைக் குண்டு காற்றில் வெகு விரைவாக வேகம் இழக்கும். அரை அங்குலக் குண்டு நொடிக்கு 1800 அடி வேகத்தில் கிளம்பினால் 100 கஜம் போவதற்குள் ஏறக்குறைய ஆயிரத்தை நெருங்கிவிடும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மென்மையான குறுக்குக் காற்றே அந்தத் தூரத்தில் அதை ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளிவிடும். 50 மீட்டரில் தள்ளல் ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும், பத்துப் புள்ளி வளையத்தை விட்டு வெளியே போக அது தாராளம். சான்யுவான்லி மழையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தக் குற்றத்தில் கல்லுக்குத் தனிப் பங்கில்லை. தட்டுத்தொப்பி ரைஃபிளில் அதே குண்டைச் சுட்டாலும் காற்று அதே அளவுதான் தள்ளும். சிக்கிமுக்கி கூட்டித் தருவது சிறு தாமதம் மட்டும். விட்டு விட்டு வீசும் காற்றில், நின்றபடி பிடித்த நீளக்குழல் ஆடுவதைச் சுடுபவர் அந்தத் தாமதம் முழுவதும் தாங்க வேண்டும்.

வெளிச்சமும் அப்படித்தான். இடப்பக்கம் வெயில் விழுந்தால் முன்குறியின் இடது ஓரம் மின்னும், கண் அந்த மின்னலையே குறியென்று எடுத்துக்கொள்ளும், குண்டு வலப்பக்கம் போகும். மேகம் மூடியதும் குண்டு நடுவுக்குத் திரும்பிவிடும். சுட்டவர் மருந்தைச் சந்தேகிப்பார்.

இனி தீர்ப்பு. பெய்யும் மழையில், மறைப்பில்லாத இடத்தில், தொடர்ந்து சுட வேண்டுமென்றால் சிக்கிமுக்கி ரைஃபிள் தட்டுத்தொப்பியிடம் தோற்கிறது. வுல்விச்சும் சான்யுவான்லியும் இதை முடித்துவிட்டன, ரசிகர்களின் சமாதானங்கள் எனக்குப் போதவில்லை. ஆனால் இலக்குச் சுடுதலில் அதன் மேல் சுமத்தப்படும் பிழைகளில் பெரும்பகுதி மழையால் வருவதில்லை. கசடைக் கையாளத் தெரியாததாலும், மாறிய வானிலைக்கு மாறாத பழக்கத்தாலும், காற்றையும் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்காததாலும் வருகிறது. மாறும் வானிலைக்கு இந்தத் துப்பாக்கி லாயக்கில்லை என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. லாயக்குத்தான், ஆனால் தட்டுத்தொப்பியைவிட இரண்டு மடங்கு கவனத்தை விலையாகக் கேட்கும். நின்றபடி 50 மீட்டரில், நிமிடக் கணக்கில் அவகாசமுள்ள போட்டியில், அந்த விலையைக் கொடுக்க முடியும். 100 கஜத்துக்கு அப்பால், காற்று நிலையில்லாத நாளில் கொடுத்தும் பயனில்லை. அங்கே உருண்டைக் குண்டுதான் வரம்பு, பொறி எதுவாக இருந்தாலும்.

இந்தத் தீர்ப்பு போட்டி நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்கிறது. கூரை போட்ட சுடுமேடையில் நின்று சுடும் போட்டி மழைத்துளியைத்தான் தடுக்கிறது. ஈரக்காற்றும் காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்துவிடுகின்றன. கூரைக்கடியில் நின்று குறைந்த புள்ளி எடுத்தவர் வானிலையைக் காரணம் காட்டினால் அதைப் பாதிதான் ஏற்கலாம். கூரையை எடுத்துவிட்டால் தரவரிசை தலைகீழாகும் என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. முதல் இரண்டு மூன்று இடங்கள் அதே ஆட்களுக்குத்தான் போகும், அவர்கள் இப்போதே குண்டுக்குக் குண்டு கிண்ணியைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான்காம் இடத்துக்குக் கீழேதான் பெயர்கள் இடம் மாறும்.